குழாயடிக் கற்கள்

ஒன்பது வருடமாய் நான்தான் பொறுக்கினேன்.
ஐந்தாம் வரிசை, கடைசிக்கு முந்திய நடுகல்.
அதன் தலையில் எப்பவாவது
இரண்டு மூன்று கூழாங்கற்கள் கிடக்கும்.
பள்ளிக்கூடப் பொடியளின் வேலை என்று
ஏசிக்கொண்டே அள்ளி
தண்ணீர்க் குழாயடியில் கொட்டுவேன்.
அங்கே எப்பவும் சேறு.

உப்புவெளி மயானத்தில் புல் வெட்டுகிறவளுக்குப்
பெயர்கள் முக்கியமில்லை.
ஓரம் நேராக இருக்கவேண்டும்,
செடி வளர்ந்து எழுத்தை மறைக்கக் கூடாது,
அவ்வளவுதான்.
சிலுவை வெட்டிய கற்களே அதிகம்.
இந்த ஒன்றில் ஆறு முனை நட்சத்திரம்.
முருகனின் சக்கரம் என்றே இருந்தேன்.
வெள்ளிக்கிழமைகளில்
ஒரு நித்தியகல்யாணிப் பூ வைப்பதுண்டு,
ஆருக்கும் சொன்னதில்லை.

அவள் வந்தது பங்குனி முடிவில்,
நிழல் காலடிக்குள் ஒதுங்கிய நேரம்.
ஆட்டோக்கார நவரெத்தினம் வாசலிலேயே முறையிட்டான்:
'யூதர் கோயில் எண்டு கேட்டா அக்கா,
நான் யூதா ததேயு கோயிலடிக்குக் கொண்டுபோனன்.
மெழுகுதிரியும் கொளுத்தேல்ல, திரும்பி வந்திட்டா.'
அவள் சிரித்தாள்.
கையில் மடித்து மடித்து நைந்த தாள்.
கொழும்பு, காலி, கண்டி,
ஒவ்வொன்றிலும் ஒரு கோடு.
திருகோணமலைக்கு நேரே
வெறும் வெள்ளை.

பெயர் சிம்ஹா. இருப்பது ஹைஃபாவில்.
கொச்சியில் பிறந்து ஏழு வயதில் கப்பலேறியவள்.
அவளுடைய மலையாளமும் ஏழு வயதோடு நின்றுவிட்டது,
பால்பல் விழுந்த மலையாளம்.
என்னிடம் திருகோணமலைத் தமிழ்.
நடுவில் ஆட்டோக்காரனின் கைகள்.

நட்சத்திரத்தைத் தொட்டு 'அம்மாவன்' என்றாள்.
அம்மான்.
அது விளங்கியது.
சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள்
நாட்கணக்காய் எரிந்த பங்குனி,
இருபத்திரண்டு வயது.
இவள் பிறக்க இன்னும் ஐந்து வருடம் இருந்தது.
படம் ஒன்றும் இல்லை,
மூக்கு இப்படி இருக்குமாம் என்று
தன் மூக்கைக் காட்டினாள்.

பிறகு பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து
அந்தத் தலையில் வைத்தாள்.
பழக்கதோஷம், என் கை நீண்டுவிட்டது எடுக்க.
'வேண்டா!'
கல்லைக் காட்டினாள், தன் நெஞ்சைக் காட்டினாள்,
'வந்நு' என்றாள்.
வந்தேன்.

அப்போதுதான் என் வயிற்றில் ஏதோ புரண்டது.

இவள் வருவது இதுதான் முதல்தரம்.
அப்படியென்றால் அந்தக் கற்களெல்லாம் ஆர்?
நிலாவெளிக்கு நீந்தப்போகிற வழியில் இறங்கிய
முதுகுப்பைப் பொடியளா?
ஒரு பெயரும் தெரியாமல்,
நட்சத்திரத்தைக் கண்டுவிட்டு
தார்வீதி ஓரத்தில் குனிந்து பொறுக்கியவர்களா?

கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப்போனேன்.
'கல்லு' என்றேன்.
அந்தச் சொல் இருவருக்கும் ஒன்றுதான்.
நவரெத்தினம் வாயைத் திறக்கவில்லை.
அவள் குந்தியிருந்து எண்ணினாள்,
முப்பத்தொன்று வரை,
மற்றவை சேற்றுக்குள்.
கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

எழும்பிக் குழாயைத் திறந்தாள்.
'வெள்ளம்' என்றாள்.
எங்களுக்கு வெள்ளம் என்றால் வேறு,
ஒரு கணம் கடலைத் திரும்பிப் பார்த்தேன்.
அவள் இரண்டு கையையும் கழுவினாள், மாறி மாறி.
கல்லறையால் வெளிக்கிடும்போது
கழுவவேண்டுமாம்.
நாங்கள் தலையோடு முழுகுவோம் என்று
அபிநயித்துக் காட்டினேன்.
ஈரக் கையால் என் தோளைத் தட்டினாள்.

'உனக்கு?' என்று கேட்பதுபோல்
வரிசைகளைச் சுற்றிக் கண்ணோட்டினாள்.
தொண்ணூறாம் ஆண்டு, ஆவணி, அண்ணன்,
இடம் தெரியாது.
இதற்கு இரண்டு பாஷைக்கும் பொதுவான சொல்
எனக்கு அகப்படவில்லை.
குழாயைப் பூட்டினேன்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் வந்தார்.
'ஐந்தாம் வரிசையில என்ன குப்பை?'
'குப்பையில்ல சேர். வந்துபோன ஆக்கள்.'
அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு
பம்பு வேலைசெய்கிறதா என்று பார்க்கப் போனார்.

குழாயடியிலிருந்து பத்துப் பன்னிரண்டைத்
தோண்டி எடுத்துத் தேய்த்துக் கழுவி
பழைய இடத்தில் வைத்திருக்கிறேன்.
எது ஆருடையது என்று தெரியாது.
சேறு மறுபடி தொடங்கிவிட்டது.
அதற்கு
வேறேதும் கொட்டவேண்டும்.